மணிமுக்தா அணைக்கரையில் சொன்னது

கோட்டாட்சியர் தெய்வசிகாமணி பறவை பார்க்க வருகிறார் என்ற செய்தி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோமுகி அணைக்கு வந்து சேர்ந்தது. மனுஷனைப் பார்க்க இரண்டு மாதமாக நேரமில்லாதவர், வாத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து வருகிறாரே என்று வேறு யாராவது பல்லைக் கடித்திருப்பார்கள். அணையில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர் குப்பனுக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு வந்தது சந்தோஷம்.

குப்பன் கல்வராயன் மலைக்காரர்; அங்கே மலைஜாதிக்காரர்களும் தங்களைக் கவுண்டர் என்றே சொல்லிக்கொள்வார்கள். வெள்ளிமலையைத் தாண்டி, சாமையும் தினையும் விளைகிற ஓர் ஊர். பதினாறு வருஷமாக அணையில் தினக்கூலி. வாரம் முழுக்க மதகு பக்கத்து ஷெட்டில் படுத்துக்கொண்டு, சனிக்கிழமை மட்டும் மலையேறுவார். தண்ணீருக்கு எதிரிலேயே பதினாறு வருஷம் கிடந்தவருக்கு எந்த மாதம் எந்தப் பறவை வரும், எந்த மொட்டை மரத்தில் எது உட்காரும் என்பதெல்லாம் அத்துப்படி. இந்த ஞானத்தால் அவருக்கு இதுவரை ஒரு டீ கூடக் கிடைத்ததில்லை. இப்போதுதான் ஆபீசர் ஒருவர், "அங்கே ஒரு லஸ்கர் இருக்காராமே, அவரை இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சந்தோஷத்துக்குக் காரணம் அது மட்டும் இல்லை. குப்பனின் மகள் பூமாலை பிளஸ் டூ முடித்தவள்; அந்த ஊரில் அந்தப் படியைத் தாண்டிய முதல் பெண். நர்ஸ் பயிற்சிக்கு அவளுக்குக் கார்டு வந்திருந்தது. வருகிற புதன்கிழமை கடலூரில் சான்றிதழ் சரிபார்க்கிறார்கள். மார்க் ஷீட் இருக்கிறது, டி.சி. இருக்கிறது. பழங்குடி என்று சொல்லும் எஸ்.டி. சர்டிபிகேட் மட்டும் இல்லை. அது இல்லாவிட்டால் அந்த இடமும் இல்லை.

முன்பெல்லாம் தாசில்தாரே கொடுத்துவிடுவார். முகத்தைப் பார்ப்பார், ஊர்ப் பேரைக் கேட்பார், கையெழுத்துப் போடுவார். குப்பனின் பங்காளி மகனுக்கு அப்படித்தான் கிடைத்தது. ஆனால் கீழே சமவெளியில் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்து இட ஒதுக்கீடு கேட்ட போராட்டம் நடந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு சாதி என்ற சொல் எந்த ஆபீசிலும் ஆறவே இல்லை. யாருக்கு எத்தனை சதவீதம் என்று டீக்கடைகளில் சண்டை. போலிச் சர்டிபிகேட் என்று பேப்பரில் செய்தி. எஸ்.டி. என்றால் இனி கோட்டாட்சியரே விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. பூமாலையின் மனு அங்கே போய்ப் படுத்து இரண்டு மாதம். ஐயா நேரில் விசாரிக்கணும், ஐயாவுக்கு நேரமில்லை என்பதே ஒவ்வொரு முறையும் பதில்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது குப்பன் இதைச் சொன்னதும் பூமாலை எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

"பறவைய காட்டு, வேணாங்கல. ஆனா புதன்கெழமைய மறந்துடாத. கெஞ்சிக்கினு நிக்காதப்பா, வெவரமா சொல்லு."

"ஐயாவே நம்மள தேடிக்கினு வராரு. இனி இன்னா பயம்?" என்றார் குப்பன். அவர் மனைவி மூக்காயி வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டாள்.

ராத்திரியே அணைக்குத் திரும்பிய குப்பன், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கரையை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் ஜீப் வந்துவிட்டது. தெய்வசிகாமணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் பைனாகுலர், கையில் தடித்த நோட்டு. இறங்கியதும் கையைக் கூப்பி, "நீங்கதான் குப்பனா? உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன், வாங்க" என்றார். குப்பனை நீங்க, வாங்க என்று ஓர் ஆபீசர் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. என்ஜினியர் கூப்பிட்டால் 'ஏய்'தான், பெயர் எல்லாம் கிடையாது.

ஜீப்பை ஓட்டி வந்தவன் கொளஞ்சியப்பன், நைனார்பாளையத்துக்காரன். அவன் குப்பனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஸ்டியரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கரைமேல் நடந்தார்கள். நீர்க்காகம், முக்குளிப்பான், நெற்றியில் வெள்ளை நாமத்தோடு கூட்டமாக மிதக்கும் நாமக்கோழி, சேற்றில் நத்தைகொத்தி. ஒவ்வொன்றையும் தெய்வசிகாமணி எண்ணி நோட்டில் எழுதினார். நாடு முழுக்க ஜனவரியில் இப்படி எண்ணுகிறார்களாம். எத்தனை என்பதுதான் முக்கியம், தப்பான எண்ணிக்கை எழுதினால் எழுதாததைவிட மோசம் என்றார்.

"விராலடிப்பான்னு மீன்பிடிக்கிற கழுகு இங்கே வருதுன்னு சொல்றாங்க. மூணு வருஷமா தேடறேன், கண்ணுல படல."

"ஏழு மணிக்கு மேல வரும் சாமி. அந்தக் கருவேல மொட்டையில குந்தும்."

ஏழேகாலுக்கு வந்தது. கண்ணுக்கு மை தீட்டியது போன்ற அந்தக் கோடும், வெள்ளை வயிறுமாகச் சுற்றிச் சுற்றி வந்து, காலை நீட்டித் தண்ணீரில் தொப்பென்று விழுந்து, ஒரு மீனோடு எழும்பி, குப்பன் காட்டிய மரத்திலேயே போய் உட்கார்ந்தது. தெய்வசிகாமணி பைனாகுலரை இறக்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது. குப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடித்த கையை உடனே விடவும் இல்லை. குப்பனுக்குத் தலை கொஞ்சம் கிறுகிறுத்தது. அந்தக் கிறுகிறுப்பு அன்று சாயங்காலம் வரை இறங்கவில்லை, அதுதான் அவரைக் கெடுத்தது.

கோரைப்புல் மறைவில் சிறவிகள் என்கிற காட்டு வாத்துகள் இருந்தன. சத்தம் கேட்டதே தவிர ஒன்றும் தெரியவில்லை. "எத்தனை இருக்கும்?" என்று கேட்டார் ஆபீசர். விடியற்காலையில் குப்பன் பார்த்தபோது பத்து இருந்தது. ஆனால் அந்த ஆசை முகத்தைப் பார்த்து, பத்து என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"நாப்பது இருக்கும் சாமி."

"நீங்க சொன்னா சரி." நாற்பது என்று எழுதிக்கொண்டார்.

மணிமுக்தா அணைக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் அடிக்கட்டைகள். தெய்வசிகாமணி பெருமூச்சு விட்டார். "இதெல்லாம் நூறு வருஷத்துப் புளியமரம். பகல் பூரா வக்கா நாரை கூட்டம் கூட்டமா இதுலதான் தங்குமாம். எல்லாத்தையும் சாய்ச்சுட்டாங்க."

கொளஞ்சியப்பன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னான். "இந்தாண்ட இருந்ததுல மூணு நான் அறுத்ததுங்க. மரம் மறுபடி மொளைக்குங்க. எங்க சித்தப்பா மவன் அந்தப் போராட்டத்துல போலீசு குண்டடி பட்டு செத்தான். அவன் மொளைப்பானாங்க?"

ஆபீசர் நோட்டைப் புரட்டினார். அந்தக் கேள்விக்கு அவர் நோட்டில் இடம் இல்லை. கொளஞ்சியப்பனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆபீசரிடம் காட்ட முடியாத ஆத்திரம் பின்சீட்டுக்குத் திரும்பியது.

"உங்களுக்கு இன்னா கவுண்டரே, மலைமேல குந்திக்கினு இருந்தா கவர்மென்ட்டே எல்லாம் குடுத்துடும். நாங்க ரத்தம் சிந்தி வாங்கணும்."

குப்பன் வெளியே அடிக்கட்டைகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றைக்குச் சண்டை போடும் நாள் இல்லை.

மணிமுக்தாவில் சங்குவளை நாரை அறுபத்திரண்டு, கூழைக்கடா பதினொன்று. வெயில் ஏறியதும் கரையோர வேப்பமரத்தடியில் ஆபீசர் டிபன் கேரியரைப் பிரித்தார். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். ஓர் இலையைக் கிழித்து இரண்டாக்கி, பாதியைக் குப்பனிடம் நீட்டி, "பக்கத்துல உட்காருங்க" என்றார். குப்பன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். கொளஞ்சியப்பன் ஜீப்பின் படியில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தான். திறந்தவன் சும்மா தின்றிருக்கலாம்.

"ஐயா கையால சாப்புடுற. யோகந்தான். வூட்டுல இன்னா, காட்டுக்கெழங்கும் எலிக்கறியுமா? உங்க ஆளுங்க எல கட்டிக்கினுதான இருந்தீங்க, எங்க தாத்தா காலத்துல?"

"கொளஞ்சி, சும்மா இருப்பா" என்றார் ஆபீசர். அதோடு விட்டிருந்தால் புண்ணியம். ஆனால் அவர் விஷயம் தெரிந்துகொள்ளும் ஆசை உள்ளவர். உண்மையாகவே கேட்டார்: "குப்பன், உங்க ஜனங்க ஆதியிலேர்ந்தே மலையிலதான் இருக்காங்களா?"

ஆமாம் சாமி என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. குப்பனின் நாக்கில் அன்று சனி உட்கார்ந்திருந்தது.

எலிக்கறி என்ற வார்த்தை குப்பனைக் குத்தியது. பக்கத்தில் பாதி இலையில் சோறு போட்ட பெரிய மனிதர். அவர் முன்னால் டிரைவர் பயல் ஒருவன் தன் வம்சத்தை இலை கட்டியவர்கள் என்கிறான். குப்பன் கையை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாங்க காட்டுல மொளச்சவங்க இல்ல சாமி," என்று ஆரம்பித்தார். "காஞ்சிவரத்து வேளாளர் நாங்க. ஏரு புடிச்ச வம்சம்."

பிறகு கதை வந்தது. அவருடைய பாட்டன் சொன்னது, பாட்டனுக்குப் பாட்டன் சொன்னது. காஞ்சிபுரத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர். ராஜாவுக்கும் அவர்களுக்கும் பகை. ஒரே ராத்திரியில் சாமியைக் கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, விதைநெல்லை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஆற்றைக் கண்ட இடத்தில் கூடையை இறக்கினார்கள். இந்தத் தூரம் போதாது என்றது சாமி. மறுபடி தூக்கினார்கள். பெரியவன் ஒரு மலைக்குப் போனான், நடுவன் ஒரு மலைக்கு, சின்னவன் இந்த மலைக்கு. சின்னவன் வழிதான் நாங்கள். வேடன் கொடுத்த இறைச்சியைத் தொடமாட்டோம் என்று மூன்று நாள் பட்டினி கிடந்த வம்சம். மலைமேல் வந்த பிறகும் மாடு பூட்டி உழுதோமே தவிர வேட்டையை நம்பிப் பிழைக்கவில்லை.

ஊரில் ஆண்கள் கூடும்போது மட்டும் சொல்கிற கதை. குப்பன் ஒன்றையும் விடாமல் சொன்னார். குரல் ஏறவேண்டிய இடத்தில் ஏறியது, இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியது. கொளஞ்சியப்பன்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். தெய்வசிகாமணி எச்சில் கையோடு இடது கையால் நோட்டைத் திறந்து வைத்து, கழுவி வந்து எழுதினார். நடுநடுவே, "எத்தனை தலைமுறை இருக்கும்?", "வேளாளர்னு உங்க ஊர்ல எல்லாருமே சொல்வாங்களா?" என்று கேட்டார்.

"எல்லாரும் சொல்லுவாங்க சாமி. நாங்க காட்டாளுங்க இல்லன்னு கொழந்தைய கேட்டாலும் சொல்லும்."

"அருமை குப்பன். இவ்வளவு தெளிவா யாரும் சொல்லிக் கேட்டதில்லை."

அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாகக் குப்பன் புதன்கிழமையைப் பற்றிச் சொன்னார். கெஞ்சவில்லை, மகள் சொன்னபடி விவரமாகச் சொன்னார். மனு நம்பரைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

"அட, அது உங்க பொண்ணா?" தெய்வசிகாமணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நோட்டில் எழுதியதை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். "நேர்ல விசாரிக்கணும்னுதான் நிறுத்தி வச்சிருந்தேன். விசாரிச்சாச்சே. செவ்வாய்க்கிழமை வாங்க, உத்தரவு தயாரா இருக்கும்."

என்ன உத்தரவு என்று குப்பன் கேட்கவில்லை. உத்தரவு என்றால் கொடுப்பது என்றே அவர் அறிந்திருந்தார்.

பிறகு நைனார்பாளையம் பக்கத்து ஏரிக்குப் போனார்கள். அங்கே தண்ணீர் வற்றிக் கொக்குகள் மட்டும் நின்றன. சாயங்காலம் அணையில் இறக்கிவிட்டுப் போகும்போது ஆபீசர் மறுபடியும் கையைக் குலுக்கினார். திங்கட்கிழமை குப்பன் லீவு சொல்லிவிட்டு அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு மலையேறினார். மூக்காயி அக்கம்பக்கத்துக்கெல்லாம் அதைப் பிய்த்துக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை அப்பனும் மகளும் முதல் பஸ்ஸில் கிளம்பிப் பத்து மணிக்கெல்லாம் ஆபீசில் இருந்தார்கள். பூமாலை ஒரு பிளாஸ்டிக் உறையில் மற்ற சர்டிபிகேட்டுகளை அடுக்கி, இதற்கென்று கடைசியில் ஓர் இடம் விட்டு வைத்திருந்தாள். கிளார்க் ஆயம்மாள் லெட்ஜரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

பூமாலை நின்றபடியே படித்தாள். குப்பனுக்கு அவ்வளவாகப் படிக்க வராது. மகளின் முகத்தைப் படித்தார், அது போதுமானதாக இருந்தது.

"இன்னா எழுதிருக்குது?"

"குடுக்க முடியாதுன்னு."

மனுதாரரின் தந்தையை நேரில் விசாரித்ததில், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து குடியேறிய வேளாளர் என்றும், தாங்கள் வனத்தில் தோன்றிய மக்கள் அல்லர் என்றும், ஊரார் அனைவரும் அவ்வாறே கூறுவர் என்றும் அவர் எவ்வித வற்புறுத்தலும் இன்றித் தாமாகவே தெரிவித்துள்ளபடியால், பழங்குடியினர் என்ற கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல. மனு நிராகரிக்கப்படுகிறது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

குப்பன் அறைக்குள் ஓடினார். பியூன் தடுத்தான், உள்ளேயிருந்து தெய்வசிகாமணியே, "விடுப்பா, அவர் வரட்டும்" என்றார். நாற்காலியைக் காட்டினார். குப்பன் உட்காரவில்லை.

"சாமி, நாங்க மலைக்காரங்க சாமி. எங்க பங்காளி மவனுக்கு குடுத்தாங்களே."

"அது தாசில்தார் காலம் குப்பன். எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி தூங்கவே இல்லை. ஆனா நீங்களே சொல்லிட்டீங்க. கேட்ட பிறகு கேக்காத மாதிரி நான் எப்படி எழுதறது? நாளைக்கு கேஸ்னு வந்தா நான்தானே பதில் சொல்லணும்?"

"அது பொய் சாமி."

"எது?"

"காஞ்சிவரம், கூடை, அண்ணன் தம்பி எல்லாம். எங்க பாட்டன் குடிச்சிட்டு ஒளறினது. அந்த டிரைவரு எலிக்கறின்னான், ரோசத்துல சொல்லிட்டேன். நாங்க காட்டாளுங்கதான் சாமி. எல கட்டினவங்கதான். எலி தின்னவங்கதான்." சொல்லச் சொல்ல அவருக்கு உடம்பு கூசியது. செத்துப்போன பாட்டனை ஆபீஸ் நடுவில் நிறுத்திச் செருப்பால் அடிப்பது போல இருந்தது. அடித்தார்.

தெய்வசிகாமணி தலையை ஆட்டினார். "வேண்டாம் குப்பன். நீங்க பொய் சொல்ற ஆள் இல்லை. ஒரு நாள் பூரா உங்களோட இருந்திருக்கேனே, எனக்குத் தெரியாதா?"

"நான் பொய் சொல்லுவேன் சாமி! அந்தச் சிறவி நாப்பது இல்ல. பத்துதான். விடிகாலம் எண்ணினேன். உங்க மனசு கோணக் கூடாதுன்னு நாப்பதுன்னேன்."

ஆபீசரின் முகம் வாடிவிட்டது. மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தத் தடித்த நோட்டை எடுத்தார். பக்கத்தைத் தேடி, நாற்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே பத்து என்று எழுதினார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார்.

"சொன்னதுக்கு நன்றி. தப்பான எண்ணிக்கை போயிருக்கும்" என்றார். பிறகு நோட்டை மூடினார். "மேல்முறையீடு செய்யலாம். கலெக்டருக்கு முப்பது நாளைக்குள்ள எழுதுங்க. சரியா வரும்னுதான் நினைக்கிறேன்."

"கடலூர்ல நாளைக்கு சாமி."

அவர் நோட்டை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். ஆனாலும் நல்ல மனிதர், சும்மா அனுப்ப மனம் வரவில்லை. "மார்ச்ல இன்னொரு தடவை அணைக்கு வருவேன். நீங்கதான் கூட வரணும்" என்றார்.

குப்பன் கும்பிட்டார். "வரேன் சாமி" என்றும் சொன்னார். வெளியே வந்த பிறகுதான், தான் அப்படிச் சொன்னது அவர் காதில் விழுந்தது. வராந்தாவில் காறித் துப்பினார். பியூன் திட்டினான்.

பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பூமாலை சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அழுவாள் என்று குப்பன் பார்த்தார். அவள் அழவில்லை. புதுப் புத்தகம் படிப்பவள் போல வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள்.

"காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தோமா நாம?"

"அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"இத நீ என்கிட்ட சொன்னதே இல்லியேப்பா."

"பொம்பள புள்ளைங்களுக்குச் சொல்றது இல்ல."

"ஏன்?"

"கல்யாணம் பண்ணிக்கினு வேற வம்சத்துக்குப் போறவங்க. வெளிய போயி சொல்லிடுவாங்கன்னு."

பூமாலை காகிதத்தை நான்காக மடித்தாள். பிளாஸ்டிக் உறையில் வைக்கவில்லை. அப்பனின் சட்டைப் பையில் செருகினாள்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா, ஆபீசர்கிட்ட மட்டும் இதப் பேசாதன்னு சனிக்கெழமையே உன்கிட்ட சொல்லியிருப்பேன்" என்றாள்.